ஒரே நாளில் ஆட்குறைப்பா, தவணைகளிலா?

ஆட்குறைப்புக்குப் பின் மிஞ்சியிருப்போரின் மனநிலையைப் பெரிதும் தீர்மானிப்பது, எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள் என்பதைவிட எப்படி நீக்கப்பட்டார்கள் என்பதே. மெட்டா நிறுவனம் இரு முறைகளையும் அடுத்தடுத்துக் கையாண்டது. 2022 நவம்பர் 9 அன்று 11,000-க்கும் மேற்பட்டோரின், அதாவது ஏறத்தாழ 13 சதவீதத்தினரின், வேலை ஒரே அறிவிப்பில் போயிற்று. அமெரிக்க ஊழியர்களுக்கு 16 வார அடிப்படைச் சம்பளமும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கூடுதலாக இரண்டு வாரச் சம்பளமும் உண்டு என்பதும் அன்றே தெரிந்துவிட்டது. 2023 மார்ச்சில் அறிவித்த 10,000 பேர் குறைப்போ, ஆளெடுப்புக் குழுவில் தொடங்கி, ஏப்ரல் இறுதியில் தொழில்நுட்பப் பிரிவுகள், மே இறுதியில் வணிகப் பிரிவுகள் என்று நீண்டது.

ஒரே நாளில் முடித்தால் அதிர்ச்சி பெரிது. எந்த சர்வரை யார் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தேடி அலையும் நிலைகூட வரும். ஆனால் மறுநாள் காலை, வேலை தப்பியவர்களுக்கு அது தப்பியது என்று தெரியும்.

தவணை முறையில் பொறுப்புகளை ஒப்படைக்க அவகாசம் கிடைக்கிறது என்பது, காகிதத்திலாவது, உண்மை. நடைமுறையில், பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று தெரியாத பொறியாளர் ஆறு மாதம் நீளும் பணியை ஏற்கத் தயங்குகிறார். மேலாளர் ஒரு மீட்டிங்கைத் தள்ளிவைத்தாலே குழுவில் கிசுகிசு கிளம்புகிறது. வெளியே எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர்களே முதலில் விலகுவதால், நிறுவனம் யாரை வைத்துக்கொள்ள நினைத்ததோ அவர்களையே இழக்கிறது.

ஒரே நாள் முறையே மேல் என்பது என் கணிப்பு. ஆனால், இரண்டாம் சுற்று வராது என்று தலைமை உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டுமே. நான்கே மாதத்தில் மறுபடி அறிவித்த மெட்டாவில், முதல் சுற்று தந்திருக்கக்கூடிய நிம்மதியும் கரைந்துதான் போயிருக்கும்.