பூனைக்கு வருஷ ஊசி என்று சொல்லி 7,200 ரூபாய்க்குப் பட்டை நாமம்

மண்டபம், உச்சிப்புளி, பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பூனை வளர்ப்பவர்கள் யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன், கோர்வையாக வராது. "வீட்டுக்கே வந்து தடுப்பூசி போடுகிறோம்" என்று செல்போனில் விளம்பரம் போட்டுத் திரியும் ஒரு செல்லப்பிராணி சேவையிடம் மூன்று பூனைகளுக்காக 7,200 ரூபாய் கட்டினேன். ஒரு பூனைக்கு 2,400. பெயரை எழுதவில்லை. இன்றைக்கு ஒரு பெயரில் வருவார்கள், நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள், அவர்கள் வேலை செய்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

எங்கள் வீட்டில் கருவாச்சி, சொட்டை, பூசணி என்று மூன்று. முதல் இரண்டும் வாசற்படி தாண்டாது. பூசணி மட்டும் ஊர் சுற்றி, விடிகாலையில் மீன் இறங்குகிற இடத்துக்குப் போய் காரல் பொறுக்கித் தின்றுவிட்டு ஏழு மணிக்கு நல்ல பிள்ளை போல வந்து படுத்துக்கொள்ளும். மூன்றுக்கும் குட்டியில் மதுரையில் முறையாக ஊசி போட்டாயிற்று, ஒரு வயது வாக்கில் பூஸ்டரும் ஆயிற்று. அதற்கப்புறம் வருஷா வருஷம் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். நூறு கிலோமீட்டருக்கு மேல், பஸ்ஸில், கூடைக்குள் மூன்று பூனை கத்திக்கொண்டே வரும், கண்டக்டர் முறைப்பார். எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் கேட்டால் பூனை ஊசி இல்லை என்பார்கள். இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் ஐஸ் கம்பெனியில் வேலை, போட்டுகள் கரையில் நின்றால் ஐஸும் போகாது, சம்பளமும் பாதிதான். சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில் அட்டையில் போட்டிருந்த தேதி தாண்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு குட்டிகள் வாந்தி, பேதி என்று அடுத்தடுத்துச் செத்துப்போயின. பூனைப் பார்வோ என்கிற வைரஸ் நோய் என்றார்கள். பயந்து போய் செல்போனில் தேடினால் முதலில் வந்து நின்றது இவர்கள் விளம்பரம். நம்பரைப் போட்டதுமே ஒரு பொண்ணு பேசியது. "அக்கா, தேதி தாண்டிடுச்சுன்னா போட்ட ஊசி எல்லாம் வேஸ்ட் அக்கா, முதல்ல இருந்து மூணு டோஸ் ஆரம்பிக்கணும், ஆனா எங்க ஆண்டுத் திட்டத்துல சேர்ந்தா ஒரே டோஸ்ல சரி பண்ணிடலாம்." அது எப்படியம்மா, மூன்று டோஸ் வேண்டியது திட்டத்தில் சேர்ந்தால் ஒன்றாகிவிடும் என்று கேட்டேன். "எங்களோடது இம்போர்ட்டட் மருந்து அக்கா" என்று பதில் வந்தது. மூன்று நோய்க்கான ஊசி, வெறிநாய்க்கடி ஊசி, பூச்சி மாத்திரை, அட்டை, பதினைந்து நாளைக்குள் எதுவும் ஆனால் டாக்டர் இலவசமாக வருவார், எல்லாம் சேர்த்து 2,400. முன்பணம் முழுசாக. ஜிபே போட்டேன், 7,200.

வந்தவர் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சோப்பு கேட்டு வாங்கிக் கைகழுவிவிட்டு, பூனைகள் பயப்படும் என்று நாற்காலி வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தார். கருவாச்சி அந்நியர் யார் வந்தாலும் பீரோ மேல் ஏறிவிடும், அதுவே இறங்கி வந்து அவர் முழங்காலை முகர்ந்தது. "எங்க அம்மாவும் பூனைக்காரிதான் அக்கா, நாங்க சாப்பிடுறதுக்கு முன்னாடி அதுக்குத்தான் சோறு" என்று சொல்லிக்கொண்டே காதைச் சொறிந்துவிட்டார். இதற்கு மேல் ஒரு மனுஷனிடம் என்ன அடையாளம் கேட்பது? டீ போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை கம்மியாக.

மருந்துப் பெட்டியைத் திறந்தபோது வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஐஸைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தெர்மாகோல் பெட்டிக்குள் ஒரு ஜெல் பை, தொளதொளவென்று கிடந்தது, சுற்றிக் கொஞ்சம் தண்ணீர். விரலை வைத்துப் பார்த்துவிட்டு "தம்பி, இதுல குளிர்ச்சியே இல்லையே" என்றார். "ஜெல் பேக் அப்படித்தான் சார் இருக்கும், மருந்துக்குள்ள அந்தக் குளிர்ச்சி போயிடும்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. சிரிஞ்சில் மருந்து ஏற்கனவே ஏற்றியே இருந்தது. குப்பியைக் காட்டுங்கள் என்றேன், பெரிய குப்பி அக்கா, ஆபீஸில் இருக்கிறது, அளந்து கொண்டுவருவோம் என்றார். கேட்டோம், கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அடுத்த சில நாளில் பூசணியின் பிடரியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். தொட்டால் கத்துகிறது, சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. போன் போட்டேன். "அது நார்மல் அக்கா, ஐஸ் ஒத்தடம் குடுங்க." போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுபடி போட்டால் டாக்டர் ஃபீல்டில் இருக்கிறார். மறுபடி போட்டால் உங்கள் புகார் பதிவாகிவிட்டது, சீனியர் டீம் கூப்பிடும். சீனியர் டீம் கூப்பிடவே இல்லை, அதற்குப் பதிலாக எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று ஒரு லிங்க் வந்தது. வந்து ஊசி போட்டவரின் நம்பர் உபயோகத்தில் இல்லையாம். கடைசியில் ஒரு ஆள் எடுத்து, "கடல் காத்துல பூனையை வெளிய விட்டிருப்பீங்க மேடம், உப்புக் காத்துக்கு இன்ஃபெக்ஷன் ஆகும்" என்றான். மண்டபத்தில் பிறந்த பூனைக்குக் கடல் காற்று ஆகாதாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டால் ஆண்டுத் திட்டத்துக்கு ரீஃபண்ட் கிடையாது, வேண்டுமானால் அடுத்த வருஷம் 500 ரூபாய் தள்ளுபடி தருகிறோம் என்கிறான். பில் கேட்டேன், வெறும் ஒரு படம் வந்தது, அதில் விலாசம் கூட இல்லை. 7,200 ரூபாய்க்குக் கிடைத்தது அந்தப் படம்தான்.

அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா கீறிச் சீழ் எடுத்து, மருந்து போட்டுவிட்டு அட்டையை வாங்கிப் பார்த்தார். நாய்க்கால் படம் போட்ட ஒரு முத்திரை, தேதி, கிறுக்கல் கையெழுத்து. "மருந்துப் பேரு எங்க? பேட்ச் நம்பர் எங்க? குப்பியில இருந்து உரிச்சு ஒட்டுற ஸ்டிக்கர் எங்க? டாக்டரோட பதிவு எண் எங்க?" ஒன்றும் இல்லை. அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது: பூனைக்குப் போடுகிற மூன்று நோய் ஊசி பெரும்பாலும் பொடியாகத்தான் வரும், கூட வருகிற நீரில் கலந்து அப்போதே போட்டுவிட வேண்டும், காலையில் ஆபீஸில் சிரிஞ்சில் ஏற்றி மத்தியானம் இங்கே போடுகிற விஷயமே இல்லை. இரண்டிலிருந்து எட்டு டிகிரி குளிரில் இருந்தால்தான் தடுப்பூசி தடுப்பூசி. அந்தத் தொளதொளப் பையில் வந்தது என்ன மருந்து, மருந்துதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த ஊசியைப் போடாததாகவே கணக்கு வைத்து, புண் ஆறினதும் முறையாகப் போட வேண்டும் என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் கொதிப்பு. குட்டியில் பதினாறு வாரம் தாண்டும்வரை முறையாகப் போட்டு, ஒரு வயதுக்குள் பூஸ்டரும் போட்டுவிட்டால், வேறு பூனையோடு பழகாமல், வெளியே போகாமல் தனியாக வளர்கிற பூனைக்கு அந்த மூன்று நோய் ஊசி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போதுமாம். சிறு விலங்கு மருத்துவர்களின் உலகச் சங்கத்து வழிகாட்டுதலே அப்படித்தானாம். பார்வோவுக்கு எதிரான சக்தி ரொம்ப வருஷம் நிற்கும். சளிக்காய்ச்சல் தருகிற மற்ற இரண்டு வைரஸுக்குத்தான் பாதுகாப்பு சீக்கிரம் குறையும், அதனால் பூசணி மாதிரி ஊர் சுற்றி, நாலு பூனையோடு பழகுகிறதுக்கும், அதோடு ஒரே வீட்டில் இருக்கிறதுகளுக்கும் வருஷா வருஷம் போடலாம். தேதி தாண்டிவிட்டால் எல்லாம் வீண் என்பது சுத்தப் பொய், முறையாகப் போட்ட வளர்ந்த பூனைக்கு ஒரே ஒரு டோஸ் போதும். ஆக முதலிலிருந்து மூன்று டோஸ் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. வெறிநாய்க்கடி ஊசி மட்டும் வேறு கணக்கு, தெருநாய் இருக்கிற நம் ஊரில் அதைத் தவறவிடக் கூடாது என்றார், அதுவும் அரசு கால்நடை மருத்துவமனையிலேயே போடுகிறார்கள். ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினத்தில் இலவச முகாமே நடக்கும். எனக்கு இது எதையும் சொல்லாமல்தான் அந்தப் பொண்ணு அக்கா அக்கா என்று 7,200 ரூபாயைக் கறந்தது.

கதை இதோடு முடியவில்லை. சீழ் எடுக்கும்போது பூசணியைப் பிடித்திருந்த வீட்டுக்காரர் கையில் நகம் கீறிவிட்டது. ரத்தம் வரவில்லை, தோல் மட்டும் உரிந்தது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவச் சொன்னார்கள். பூனை ஊர் சுற்றுவது, ஊசி போட்டதா இல்லையா தெரியாது, அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று மனுஷன் இப்போது கையில் ஊசி வாங்கிக்கொண்டிருக்கிறார். பூனைக்குக் காசு கொடுத்து, புருஷனுக்கு ஊசி.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், நம்பர் வந்திருக்கிறது, பணம் வரவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பூசணிக்கு மருந்து போட நேரமாகிவிட்டது, அவசரத்துக்கு இது. கண் முன்னால் குப்பியைத் திறந்து சிரிஞ்சில் ஏற்றாத ஊசியைப் போட விடாதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டாத அட்டையை வாங்காதீர்கள். கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள், மழுப்பினால் வாசலைக் காட்டுங்கள். முன்பணம் முழுசாகக் கட்டாதீர்கள். எந்த ஊசி எத்தனை வருஷத்துக்கு என்று விற்கிறவனிடம் கேட்காமல் அரசு டாக்டரிடம் கேளுங்கள். இந்தப் பக்கம் அதே நாய்க்கால் முத்திரை அட்டை வைத்திருப்பவர்கள் இருந்தால் அதையும் பணம் கட்டின ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, சேர்ந்தே போய் மனு கொடுக்கலாம்.