ரெட் அலர்ட்டும் லினக்ஸும்: எந்த வழியில் எந்த ஆட்டம்?

வெஸ்ட்வுட் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட 'கமாண்ட் அண்ட் காங்கர்: ரெட் அலர்ட்' என்ற போர் உத்தி விளையாட்டு லினக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டதன்று. இருந்தும், இன்றைய லினக்ஸ் கணினியில் அதை ஆடப் பல வழிகள் உள்ளன. எல்லா வழிகளிலும் ஆட்டம் ஓடத்தான் செய்கிறது. ஆகவே ஓடுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, ஓடுவது எந்த ரெட் அலர்ட் என்று பார்ப்பதே பயன் தரும்.

அசல் குறுந்தகட்டில், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்குரிய பதிப்பும் விண்டோஸ் 95 பதிப்பும் சேர்ந்தே இருந்தன. டாஸ் பதிப்பை, பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற நிரல் பெரிய தொல்லையின்றி இயக்கிவிடும். ஆட்டம் மந்தமானால் கன்ட்ரோல்-எஃப்12 அழுத்தி வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் திரை 320-க்கு 200 புள்ளிகள்தான். அதில் போர்க்களத்தைப் பார்ப்பது சாவித் துவாரம் வழியே தேரோட்டம் பார்ப்பது போலிருக்கும்.

விண்டோஸ் பதிப்பு 640-க்கு 400 புள்ளிகள் என்பதால், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் வைன் வழி இதைவிட மேல். ஆனால் சிக்கல் இங்கேதான் அதிகம். 256 வண்ணங்களை டைரக்ட்டிரா என்ற விண்டோஸ் வரைகலை நூலகத்தின் வழியே வரையும் பழைய முறை இன்றைய திரைகளோடு ஒத்துப்போவதில்லை. இரண்டு திரைகள் உள்ள மேசையில், வரைபடத்தை நகர்த்த விளிம்புக்குக் கொண்டுபோன சுட்டி பக்கத்துத் திரைக்கே போய்விடக்கூடும். 'சிஎன்சி-டிடிரா' என்ற கட்டற்ற நூலகத்தை விளையாட்டின் கோப்புறையில் வைத்து, வைன் அமைப்புகளில் டைரக்ட்டிராவின் கோப்பான 'டிடிரா'வுக்கு 'நேட்டிவ், பில்ட்-இன்' என்ற வரிசையைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் இவை அடங்கிவிடும். அதன்பின் கிடைப்பது 1996-இன் ஆட்டமேதான், அதன் பிடிவாதங்களோடு: ஒரு டாங்கி உருவாகிக்கொண்டிருக்கையில் இன்னொன்றுக்கு அழுத்தினால், வேலை நடக்கிறது, இப்போது முடியாது என்று ஆட்டத்தின் அறிவிப்புக் குரல் மறுத்துவிடும்.

ஓப்பன்ஆர்ஏ இதற்கு நேரெதிர். சி ஷார்ப் மொழியில் புதிதாக எழுதப்பட்ட கட்டற்ற விளையாட்டு இயந்திரம் அது. நிறுவாமலே இயங்கும் ஆப்இமேஜ் கோப்பாகக் கிடைப்பதால் இறக்கி, இயக்கும் அனுமதி கொடுத்தாலே போதும். ரெட் அலர்ட் 2008-இல் இலவசமாக்கப்பட்டுவிட்டதால், தேவையான கோப்புகளை முதல் தடவை திறக்கும்போது அதுவே இறக்கிக்கொள்ளும். டாங்கிகளை வரிசையில் போடலாம். போகும் வழியில் எதிர்ப்படுவோரைத் தாக்கிக்கொண்டே முன்னேறச் சொல்லலாம். ஆனால் படையணிகளின் பலமும் விலையும் இணையப் போட்டிக்கு ஏற்றபடி திருத்தப்பட்டவை. ஒருமுறை பார்த்த நிலம், அசலைப் போலன்றி, நம் படை நகர்ந்ததும் மூடுபனிக்குள் மறைந்துவிடும். பழைய உத்திகளை நம்பி இறங்குபவர் முதல் சில ஆட்டங்களில் தோற்பது ஏறக்குறைய நிச்சயம். பல பேருடன் ஆடுவதற்கு இதற்கு ஈடாக மற்ற எதையும் சொல்ல மாட்டேன்.

பழைய ஆட்டத்தைப் புதிய ஓவியங்களோடு மெருகேற்றி 2020-இல் வந்த ரிமாஸ்டர்டு தொகுப்பு விண்டோஸுக்கு மட்டுமே என்றாலும், ஸ்டீம் விளையாட்டுக் கடையோடு வரும், வைனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டான் அதை லினக்ஸில் இயக்குகிறது. தனியாள் ஆட்டத்தில் ஸ்பேஸ் விசையைத் தட்டினால் புதிய ஓவியங்கள் மறைந்து பழைய புள்ளிப் படங்கள் வந்து நிற்பது, காசு கொடுத்ததற்கு மனத்தை நிறைக்கும் வசதி. விதிகள் பெரிதும் அசலினுடையவை. உற்பத்தி வரிசை மட்டும் சேர்ந்திருக்கிறது. ஆனால் புரோட்டான் இதன் வரைகலையை வல்கன் என்ற புதிய வரைகலை முறைக்கு மாற்றித் தருவதால், வல்கன் அறியாத பழைய மடிக்கணினியில் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

அந்தத் தொகுப்போடு ஆட்டத்தின் உரிமையாளரான இஏ நிறுவனம் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட மூலநிரலிலிருந்து பிறந்ததே 'வனிலா காங்கர்'. வைனின் துணையின்றி, அசல் விதிகளை லினக்ஸிலேயே நேராக இயக்குவதால், சிறுவயதில் ஆடிய ஆட்டத்தை அப்படியே தேடுவோருக்கு வைனைவிட இதையே முதலில் பரிந்துரைப்பேன். அசலின் கோப்புகளை மட்டும் நாமே எடுத்து அதன் கோப்புறையில் வைக்க வேண்டியிருக்கும்.