மூன்று ஆண்டுகள், ஒரே ஆய்வகம்: நரம்பு மறுமொழிப் பரிசோதனை பற்றி ஒரு நோயாளியின் மதிப்பீடு

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் என் வலக் கண்ணை அசைக்கும்போதெல்லாம் வலித்தது. நான்காம் நாள் காலையில் கண்ணாடி முன் நின்று குங்குமம் வைத்துக்கொண்டபோது, இடக் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்த அதே பொட்டு வலக் கண்ணுக்கு வெளுத்த செங்கல் நிறமாகத் தெரிந்தது. பார்வை நரம்பு அழற்சி என்று கண் மருத்துவர் சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். மூளை எம்.ஆர்.ஐ. படத்தில் இருந்த வெண்புள்ளிகளும் முதுகுத் தண்டுநீர்ப் பரிசோதனையும் சேர்ந்து, இது மூளை, தண்டுவட நரம்பிழைகளின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயின் தொடக்கநிலை என்று உறுதியாயிற்று. அன்று முதல் ஆண்டுக்கு ஒருமுறை, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நரம்பு மின்னியல் ஆய்வகத்தில் எனக்கு மறுமொழிப் பரிசோதனை செய்யப்படுகிறது. என்னைப் போல் புதிதாக இந்நோய்க்கு ஆளானவர்கள் இப்பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன் எவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்தச் சேவையைப் பற்றி இங்கு எழுதுகிறேன்.

பரிசோதனையின் அடிப்படை எளிமையானது. நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறை சிதைந்தால் செய்தி மெதுவாகச் செல்லும். சில இழைகளில் நின்றே போகும். திரையில் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டங்கள் இடம் மாறி மாறித் தோன்றும்போது, கண்ணிலிருந்து புறப்படும் செய்தி பின்னந்தலையில் உள்ள பார்வைப் பகுதியை எட்ட எவ்வளவு நேரமாகிறது என்பதை, தலைத்தோலில் ஒட்டிய மின்முனைகள் பதிவு செய்கின்றன. உடல்நலம் உள்ளவருக்கு ஏறத்தாழ 100 மில்லிவினாடியில் ஓர் அலை எழும். அதனால்தான் அதற்குப் பி100 என்று பெயர். மூளை இடைவிடாமல் எழுப்பும் மின்னோட்டத்தில் இந்தச் சிற்றலை மூழ்கிவிடும் என்பதால், நூற்றுக்கு மேற்பட்ட மறுமொழிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்துத்தான் அதை வெளியே கொண்டுவர வேண்டும். லண்டன் குயீன் ஸ்கொயரில் உள்ள நரம்பியல் மருத்துவமனையில் ஜார்ஜ் டாசன் 1947இல், கையில் தந்த மின்தூண்டலுக்குத் தலையில் எழும் மறுமொழிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படமெடுத்துக் காட்டியதிலிருந்து இந்த வழி தொடங்கியது. அதே மருத்துவமனையில் ஹாலிடே, மெக்டொனால்ட், மஷின் ஆகியோர், பார்வை நரம்பு அழற்சி வந்த கண்ணில் இந்த அலை தாமதமாக எழுவதை 1972இல் வெளியிட்டனர்.

இந்த ஆய்வகத்துக்கு வருவதற்கு முன், வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு பரிசோதனை மையத்தில் ஒருமுறை எடுத்துக்கொண்டேன். எனக்குக் கிட்டப்பார்வை உண்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்காரச் சொன்னார்கள். கட்டங்கள் மங்கலாகத் தெரிந்தால் நரம்பில் எந்தக் கோளாறும் இல்லாதபோதும் அலை சிறுத்துத் தாமதமாகலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே ஒரு பதிவு எடுத்தார்கள். கையில் கிடைத்த ஒற்றைத் தாளில் இரு கண்களிலும் தாமதம் என்று எழுதியிருந்ததே தவிர, அலையின் படமோ, அந்த மையம் எந்த அளவு வரை இயல்பு எனக் கொள்கிறது என்ற குறிப்போ இல்லை. நன்றாக இருந்த இடக் கண்ணும் போய்விட்டது என்று எண்ணி ஒரு மாதம் உறங்காமல் கிடந்தேன். அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. இதை எழுதத் தூண்டியதும் அதுதான்.

இப்போது செல்லும் ஆய்வகத்தில் முதல் நாளே தொலைபேசியில் அழைத்து, தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் தடவாமல் வர வேண்டும், கண்ணாடியை மறக்கக்கூடாது, கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டிருக்கக்கூடாது என்று சொன்னார்கள். டெக்னீசியன் அம்மா நாடாவால் தலையை அளந்து, இடத்தைக் குறித்து, தோலைத் தேய்த்துப் பசை வைத்து மின்முனைகளை ஒட்டினார். ஒவ்வொன்றிலும் மின்தடை குறைவாக இருப்பதைத் திரையில் உறுதி செய்த பிறகே தொடங்கினார். திரையிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் நாற்காலி. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நடுவில் உள்ள சிவப்புப் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். பெரிய கட்டம், சிறிய கட்டம் என்று இரண்டிலும் தனித்தனியே எடுத்தார். இரண்டாம் சுற்றில் களைப்பால் என் பார்வை புள்ளியை விட்டு விலகியதைக் கண்டு உடனே நிறுத்தி, ஐந்து நிமிடம் கண்ணை மூடி ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு அந்தப் பதிவை நீக்கி மறுபடி எடுத்தார். இரண்டு பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அலையின் உச்சி ஒரே இடத்தில் விழுவதை எனக்குக் காட்டவும் செய்தார். இந்த நோயில் சோர்வு எவ்வளவு பெரிய தொல்லை என்பதை அறிந்த ஒருவரிடம்தான் இந்தப் பொறுமையைக் காண முடியும்.

அதன் பிறகு கால்கள். கணுக்காலின் உட்புறத்தில் சிறு மின்தூண்டல் தந்து, அது தண்டுவடம் வழியே ஏறி உச்சந்தலையை எட்டும் நேரத்தை அளக்கிறார்கள். ரப்பர் பட்டை சுண்டியது போன்ற உணர்ச்சி. கட்டைவிரல் தானாகத் துடிக்கும். வலி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. குளிரூட்டிய அறையில் என் பாதம் சில்லிட்டிருந்ததால் போர்வையால் மூடிச் சூடேற்றிவிட்டே தொடங்கினார்கள். கை கால் குளிர்ந்திருந்தால் நரம்பின் வேகம் குறைந்து கணக்கு தவறிவிடுமாம். காதில் ஒலி கொடுத்து எடுக்கும் பரிசோதனை இந்நோயில் அவ்வளவாகப் பயன் தருவதில்லை என்று மருத்துவர் எழுதித் தரவில்லை. தலைக்கு மேல் காந்தச் சுருளை வைத்து இயக்க நரம்புகளைச் சோதிக்கும் முறை, 1985இல் ஷெஃபீல்டில் பார்க்கர் குழுவினர் உருவாக்கியது, இந்த ஆய்வகத்தில் இல்லை. நடையில் தடுமாற்றம் உள்ளவர்களுக்கு அதுதான் கூடுதலாகப் பயன்படும் என்பதால், இதை ஒரு குறையாகவே சொல்ல வேண்டும்.

என் வலக் கண்ணின் அலை முதல் ஆண்டில் 131 மில்லிவினாடி, அடுத்த ஆண்டில் 126, இந்த ஆண்டு 127. இடக் கண் மூன்று முறையும் 103, 104 என்ற அளவிலேயே நின்றது. முதல் மையம் கிளப்பிய அச்சம் இடக் கண்ணின் எண்ணை இங்கே முதலில் பார்த்த அன்றே தீர்ந்தது. குங்குமம் மறுபடியும் சிவப்பாகத் தெரியும்போது அலை மட்டும் ஏன் தாமதமாக எழுகிறது என்று கேட்டேன். அழற்சி வடிந்ததும் அலையின் உயரம் பெரும்பாலும் மீண்டுவிடும், தாமதமோ தழும்பைப் போலத் தங்கிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். ஒன்றிரண்டு மில்லிவினாடி கூடுவதும் குறைவதும் அளவீட்டின் இயல்பான ஆட்டமே, அதற்காக மகிழவோ கலங்கவோ வேண்டாம் என்றும் சொன்னார்.

இந்த ஆண்டு உண்மையில் மாறியது இடக் கால்தான். எனக்கு எந்த மரப்பும் தெரியவில்லை, நடையிலும் மாற்றமில்லை, ஆனால் முந்தைய இரண்டு ஆண்டுப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தபோது அந்தக் காலின் அலை தெளிவாகப் பின்தங்கியிருந்தது. ஒருமுறை மட்டும் எடுத்திருந்தால் அந்த எண் இயல்பின் எல்லைக்குள் இருப்பதாகவே தோன்றியிருக்கும். என் பழைய எண்களோடு ஒப்பிட முடிந்ததால்தான் புலப்பட்டது. மருத்துவர் இதை மட்டும் வைத்து மருந்தை மாற்றவில்லை. தண்டுவட எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்; கழுத்துப் பகுதியில் புதிய புள்ளி ஒன்று இருந்தது; அதன் பிறகே மருந்தைப் பற்றிப் பேசினோம். ஒரே கருவியில், ஒரே கட்ட அளவில், ஒரே ஆய்வகத்தில் மீண்டும் மீண்டும் எடுத்தால்தான் இப்பரிசோதனை கண்காணிப்பாகும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஆண்டுக்கொரு மையம் மாறி எடுக்கும் தாள்களை அடுக்கி வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

எதிர்பார்ப்புக்கும் ஓர் எல்லை வேண்டும். தாமதம் இருக்கிறது என்று இது சொல்லும். ஏன் என்று சொல்லாது. பி12 சத்துக் குறைவிலும் இந்த அலைகள் தாமதமாகலாம், நியூரோமைலிடிஸ் ஆப்டிகா (என்.எம்.ஓ.) போன்ற வேறு நோய்களிலும் பார்வை நரம்பு தாக்கப்படும், அவற்றுக்கு இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களைத் தேட வேண்டும். எம்.ஆர்.ஐ.க்கு மாற்றாகவும் இதைக் கொள்ளக்கூடாது. நோயை உறுதி செய்யும் மெக்டொனால்ட் விதிகளில் 2001இல் இதற்கு இடமிருந்தது, 2017 திருத்தத்தில் இல்லை. 2024 திருத்தம் பார்வை நரம்பை, இந்நோய் தாக்கும் ஐந்தாவது இடமாக ஏற்றதால் மறுபடியும் மதிப்பு பெற்றிருக்கிறது. மயலினை மீட்க முடியுமா என்று கிளெமாஸ்டின் மருந்தைக் கொண்டு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக சான்பிரான்சிஸ்கோ வளாகத்தில் 50 பேரிடம் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதே பி100 அலையைத்தான் அளவுகோலாகக் கொண்டது. அங்கே கண்ட முன்னேற்றம் ஒரு கண்ணுக்கு 1.7 மில்லிவினாடி. குழுவின் சராசரியில் அவ்வளவு நுண்ணிய மாற்றத்தைக் காண முடிந்தது என்றால், எவ்வளவு கவனமாக அளந்திருப்பார்கள் என்று எண்ணி வியந்தேன்.

ஆய்வகத்தின் மீது எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. அறிக்கை கைக்கு வர நான்கு நாள் ஆகிறது. அலைப்படங்களைக் கேட்டு வாங்கினால் ஒழிய இணைத்துத் தருவதில்லை. கண்ணுக்கு 1,400 ரூபாயும் கால்களுக்கு 2,200 ரூபாயும் கட்டினேன், எம்.ஆர்.ஐ.க்கு நான் கட்டும் தொகையோடு பார்த்தால் இது சிறிது. வெயில் ஏறினால் எனக்குப் பார்வை மங்கும் என்று சொன்னதும் காலை ஏழரை மணிக்கே நேரம் ஒதுக்கித் தந்தார்கள். அடுத்த சித்திரைக்கும் அதே நேரத்தை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். மூன்று ஆண்டு அலைப்படங்களும் நகலெடுத்து என் கோப்பில் இருக்கின்றன, கண்ணாடிச் சீட்டோடு சேர்த்து.