முகாமா, மௌனமா, வியாழக்கிழமையா?

போன மாதம் தோழி ஒருத்தி போன் செய்தாள். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். "கொடைக்கானல்ல மூணு நாள் முகாமாம். பெண்களுக்கு மட்டும். உள்ளுக்குள்ள இருக்கிற ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுப்பாங்களாம். நீ போனியே, எப்படி? கட்டுற காசுக்குத் தேறுமா?"

முப்பத்து மூன்று வருடம் விடைத்தாள் திருத்தியவள். தேறுமா என்றுதான் கேட்பாள்.

தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2020 மே மாதம் 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். இரண்டு முறையும் இவளுக்கு வாய்த்தது. அந்த இரண்டு வருடத்தையும் "இன்னும் கொஞ்ச நாள் இருக்கே" என்று ஓட்டிவிட்டாள். இப்போது கோத்தகிரியில் அவள் வீட்டு ஜன்னல்கள் மாதிரித் துடைக்கப்பட்ட ஜன்னல்கள் நீலகிரியிலேயே கிடையாது. வேலையில் பேர் எடுத்த பெண்கள் ஓய்வுக்குப் பிறகு முதலில் பிடிப்பது ஜன்னல்களைத்தான். நானும் பிடித்தேன். வங்கியில் கிளை மேலாளராக இருந்தவள் நான். ஜன்னல் முடிந்ததும் பரண், பரண் முடிந்ததும் மருமகளின் சமையலறை. அங்கே கை வைத்தபோதுதான் மகன், "அம்மா, எங்கயாவது போய்ட்டு வாங்களேன்" என்றான்.

போனேன். நான்கு வருடத்தில் கிட்டத்தட்ட எல்லா இடத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். தோழிக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

மூன்று நாள் முகாம்

நான் போனதும் கொடைக்கானல் பக்கம்தான். விடுதிப் பெயர் வேண்டாம். கட்டணம் என் ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதியைத் தாண்டியது. தரைவிரிப்பு போட்ட கூடம், அரைவட்டமாக நாற்காலிகள், காதோரம் மைக் மாட்டிய பயிற்சியாளர். நாற்பது பெண்கள் இருந்திருப்போம். அத்தனை பேரும் ஏதோ ஒன்றில் பெரிய ஆளாக இருந்தவர்கள், அறிமுகம் செய்துகொள்வதற்கே காலைப் பொழுது போய்விட்டது.

இந்த வடிவம் நம் ஊரில் பிறந்ததில்லை. 1971-ல் சான் பிரான்சிஸ்கோவில் வெர்னர் எர்ஹார்ட் என்பவர் 'எஸ்ட்' என்ற பெயரில் இரண்டு வார இறுதிகளுக்கு ஆட்களை ஓட்டல் கூடத்தில் உட்காரவைத்தார். கழிப்பறைக்குப் போவதற்குக்கூடக் கட்டுப்பாடு உண்டு. அடைத்த கூடம், நீண்ட நேரம், அந்நியர் முன் மனம் திறப்பது, முடிவில் அழுகையும் கைதட்டலும் என்ற அந்த அச்சைத்தான் இன்று பலரும் ஆளுக்கொரு பெயரில் வார்க்கிறார்கள். நான் போன இடத்தில் கழிப்பறைக்குத் தடையில்லை. அறுபதைத் தாண்டியவர்களிடம் அந்த விளையாட்டு செல்லாது என்று தெரிந்திருக்கும்.

இரண்டாம் நாள் இரவு விளக்கைத் தணித்துவிட்டு இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரச் சொன்னார்கள். ஒருத்தி மற்றவளின் கண்ணைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதவியையோ உறவையோ சொன்னால் அந்தப் பதில் செல்லாது. எனக்கு எதிரே கோவையில் மயக்க மருந்து மருத்துவராக இருந்தவர். "டாக்டர்", செல்லாது. "ரெண்டு பிள்ளைக்கு அம்மா", செல்லாது. ஏழெட்டு முறை ஆனபிறகு, "எனக்குப் பசிக்குதுங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்து அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "முப்பது வருசமா என் முகத்தைப் பாத்துக்கிட்டேதான் தூங்கினாங்க. எழுந்ததும் எல்லாரும் சர்ஜனைத்தான் தேடுவாங்க." அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நானும் கேள்வியைக் கேட்கவில்லை.

இதற்காகவே முகாமை முழுக்கத் திட்ட மாட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்ல வழியில்லாத ஒன்றைச் சொல்ல ஒரு இருட்டும் ஒரு அந்நியப் பெண்ணும் கிடைத்தார்கள். அதற்கு விலை உண்டுதான்.

ஆனால் ஞாயிறு மதியம் சாம்பார் வாசனையோடு அடுத்த நிலைக்கான படிவமும் வந்தது. கட்டணம் இரண்டு மடங்கு. இரண்டு தோழிகளைச் சேர்த்துவிட்டால் சலுகை. வங்கியில் காப்பீடு விற்கச் சொல்லி இலக்கு வைத்த நாள்களைப் பார்த்தவள் நான், படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வாட்ஸ்அப் குழு மூன்று வாரம் கலகலப்பாக இருந்தது, பிறகு காலை வணக்கப் பூக்கள், பிறகு அதுவும் இல்லை. மருத்துவரோடு மட்டும் இன்றும் பேச்சு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, காரணமில்லாமல் அழுகை வந்தாலோ முகாமுக்குப் பணம் கட்டாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு (டெலி மானஸ்) காசு செலவில்லாமல் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம். நாற்பது பேர் முன்னால் மைக்கைப் பிடித்து அழுவது அதற்கு மருந்தில்லை.

மௌனம்

பழனி மலையில், கொடைக்கானலுக்குக் கொஞ்சம் கீழே பெருமாள்மலையில் போதி ஜெண்டோ இருக்கிறது. ஏசு சபைப் பாதிரியார் அமா சாமி 1996-ல் தொடங்கிய ஜென் தியான நிலையம். ஜென் மரபில் உட்காருவதைப் போலவே வேலை செய்வதும் பயிற்சி. பெரிய பதவியில் இருந்தவர்களும் காய் நறுக்க வேண்டும், கூட்ட வேண்டும். பேச்சில்லை என்பதால் நறுக்குவதைப் பாராட்டவும் ஆள் கிடையாது. பாராட்டு இல்லாமல் ஒரு வேலையை முடித்து எத்தனை வருடமாயிற்று என்று எனக்கு அங்கேதான் உறைத்தது.

தியான ஆசிரியர் கோயங்கா வழியில் சொல்லித்தரும் விபாசனா தியானம் இன்னும் கடுமை. பத்து நாள் வகுப்பில் கடைசி நாள் வரை மற்றவர்களோடு வாய் திறக்கக்கூடாது, காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். காசு விஷயத்தில் முகாமுக்கு நேரெதிர். முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மலைக்கே போகாமல் பக்கத்துத் தெருவில் கிடைப்பது மனவளக்கலை மன்றம். வேதாத்திரி மகரிஷியின் அகத்தாய்வுப் பாடங்களில் எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று வரிசையாக வரும். சினம் தவிர்த்தலில் யார் யார் மேல் கோபம் என்று பட்டியல் போட வேண்டும். என் பட்டியலில் முதல் பெயர் பழைய வட்டார மேலாளர். இரண்டாவது பெயரை இங்கே எழுதினால் மருமகள் படிப்பாள். மூன்று நாள் முகாமில் ஆங்கிலம் கலந்து பெரிய காசுக்குச் சொன்னதில் பாதி இதில் தமிழில் இருக்கிறது. மனைவிக்கென்று ஆகஸ்ட் 30-ஐ 'மனைவி நல வேட்பு நாள்' என்று வைத்தவர்கள் இவர்கள். அன்றைக்கு வீட்டுக்காரர் பூ கொடுப்பார், மறுநாள் காப்பி எங்கே என்பார். அது வேறு கதை.

மௌனத்தின் குறை ஒன்றுதான். திரும்பி வந்ததும் அதே வீடு, அதே ஜன்னல். அமைதியாகத் துடைப்போம், அவ்வளவுதான்.

சேவை என்று வரும்போது

கிளப் சேவையைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். நோட்டுப் புத்தகம் முந்நூறு, பேனர் ஒன்று, போட்டோ அறுபது. நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் நாம் கொடுத்த நோட்டு எந்தப் பிள்ளைக்குப் போனது என்று அடுத்த மாதம் யாருக்கும் தெரியாது.

மண்ணில் கை வைக்க ஆசையுள்ளவர்களுக்குச் சோலைக்காட்டை மீட்கும் வேலை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை மரம் நீலகிரி, பழனி இரண்டு மலைகளிலும் புல்வெளியை விழுங்கியிருக்கிறது. பழனி மலையில் 1985 முதல் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் இருக்கிறது, கோத்தகிரியில் கீஸ்டோன் நிறுவனம் இருக்கிறது. நாற்றங்காலில் உட்கார்ந்து விதை பிரிப்பது அருமையான வேலை. நான் ஒரு பருவம் போனேன், இடுப்பு ஒத்துழைக்கவில்லை. குறிஞ்சி அடுத்து 2030-ல் பூக்கும்போது பார்வையாளராகப் போய்க்கொள்கிறேன்.

ஆசிரியையாக இருந்தவர்களுக்கு மாலை வகுப்பு. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்குத் தெருவிலேயே ஒன்றரை மணி நேரம் பாடம். அரசுத் திட்டம் இருக்கிறதோ இல்லையோ, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் அந்த நேரத்துக்கு அம்மா இன்னும் கொழுந்து எடை போடும் வரிசையில்தான் நிற்பாள். பிள்ளைகளுக்கு யாராவது வேண்டும்.

நான் போய் விழுந்தது வேறு இடத்தில். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்ணின் மாமியாருக்கு பி.எஃப். பென்ஷன் நின்றுவிட்டது. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் பேர் போட்ட குடும்பம். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பி.எஃப். தாளில் இன்னொன்று. ராமாயி ஒரு இடத்தில் ராமாய் ஆகியிருந்தாலே போதும், பணம் நிற்கும். 2014-லிருந்து குறைந்தபட்ச பென்ஷன் மாதம் ஆயிரம் ரூபாய். நமக்கு அது ஒரு வேளை ஓட்டல் சாப்பாடு. அந்த அம்மாவுக்கு அது மருந்துக் கடை.

அந்த ஒன்றைச் சரிசெய்தேன். அடுத்த வாரம் வாசலில் நாலு பேர். இப்படித்தான் வியாழக்கிழமை பிறந்தது. லயன் வீடுகளுக்கு நடுவே ஒரு திண்ணை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, என் போன்.

முதல் மாதம் நான் அதைக் கிளையாக நடத்தினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். டோக்கன் போட்டேன். "ஒவ்வொருத்தரா வாங்க" என்றேன். மூன்றாம் வாரம் கூட்டம் பாதியாகிவிட்டது. அவர்களுக்குத் தாள் வேலை இரண்டாவது. மழை, முட்டி வலி, மகன் குடிப்பது எல்லாம் முதலில் வரும், அது முடிந்தால்தான் முந்தானையிலிருந்து பாஸ்புக் வெளியே வரும். டோக்கனைத் தூக்கி எறிந்தேன். சேவைக்குப் போகும் பதவிக்காரப் பெண்களுக்கு இந்த நோய் கட்டாயம் இருக்கும். குணமாக எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

ஒரு பாட்டிக்கு உயிர்வாழ்வுச் சான்று எடுக்க வேண்டியிருந்தது. கைரேகைக் கருவி மூன்று முறை சிவப்புக் காட்டியது. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் என் முன்னால் நீட்டினார். நுனியில் கறுத்த வெடிப்புகள், ரேகை என்று சொல்ல ஒன்றுமில்லை. "நாப்பது வருசம் கிள்ளுன வெரலு தாயி. ரேக எல்லாம் செடிக்கே போயிருச்சு." முகத்தைக் காட்டியே சான்று எடுக்கும் வசதி இப்போது இருக்கிறது. போனை நீட்டி, "கண்ணை மூடித் திறங்க" என்றேன். மூடினார். திறக்கவில்லை. பார்த்தால் கைகூப்பிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான்காம் முறை சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்தேன். உயிரோடு இருக்கிறார் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டாள், "நீங்க பேங்க்குல சலான் எழுதிக் குடுக்கிற வேலையா பாத்தீங்க?"

"ஆமா" என்றேன்.

கொடைக்கானலில் விளக்கைத் தணித்து, காசு வாங்கி, இரண்டு நாள் பாடுபட்டு எடுக்கப் பார்த்த பதவியை இவள் ஒரே கேள்வியில் எடுத்துவிட்டாள். எனக்கு வலிக்கவும் இல்லை.

அப்படியென்றால் எது?

முதல் ஆறு மாதம் எதற்கும் பெரிய காசு கட்டாதீர்கள் என்பது என் கட்சி. புருஷன், பிள்ளை, மாமியார் என்று இத்தனை வருடம் கூட்டத்திலேயே இருந்து, தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தே அறியாதவர்களுக்கு மௌனம்தான் முதலில். பேச ஆளே இல்லாதவர்கள் மௌனத்துக்குப் போய் என்ன செய்வது? அவர்கள் முகாமுக்கே போகலாம், ஒரு தோழி கிடைத்தால் லாபம், இரண்டாம் படிவத்தை மட்டும் நிரப்பாதீர்கள். என்னைப் போல வேலை இல்லாமல் கை துறுதுறுக்கிறவர்களுக்குச் சேவைதான், ஆனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, கேட்கவே சலிப்பூட்டும் வேலையாக இருக்கட்டும். செவிலியர் புண்ணுக்குக் கட்டுப் போடட்டும், கணக்குப்பிள்ளை கணக்கு எழுதட்டும். புதிதாக யோகா கற்றுக்கொடுக்கக் கிளம்ப வேண்டாம்.

சௌந்திரம் அம்மையாரை நினைத்துக்கொள்கிறேன். டி.வி.எஸ். குடும்பத்து மகள். சின்ன வயதிலேயே கணவரை இழந்தார், அதற்குப் பிறகு மருத்துவம் படித்தார். 1947-ல் திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமம் தொடங்கினார். பழனி மலையை விட்டு இறங்கி மதுரைச் சாலையில் போனால் அந்த இடம் வரும். கையில் இருந்த மருத்துவத் தொழிலை எடுத்துக்கொண்டுதான் அவரும் அங்கே போனார்.

சேவையில் தொல்லை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஜனவரி உறைபனியில் காலையில் கிளம்ப மனசு வராது. அலுவலகத்தில் நம்மை இலவசக் குமாஸ்தாவாக நினைத்து அலைக்கழிப்பார்கள். கைதட்டல் கிடையாது, முடிந்தது என்று சொல்லும் நாளும் கிடையாது. முகாமுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு.

ஆனால் முகாமில் நான் மறுமாதம் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. போன வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். வியாழன் பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். லயனிலிருந்து இரண்டு பேர், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, மேட்டுப் பாதையில் நடந்தே வந்திருக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. உட்காரச் சொன்னேன். மூத்தவர் உட்காரவில்லை. என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"காச்ச அடிக்குது. படுத்துக்கங்க தாயி. அந்த பாஸ்புக்க மட்டும் எங்க வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க, நாங்களே எடுத்துக்கிறோம்."