இன்னோவா 2.5 டீசல் ஃபில்டர வீட்லயே மாத்துறேன்: பல வருஷ அனுபவம்

எங்ககிட்ட இருக்கிறது 2012 மாடல் இன்னோவா, 2.5 டி-4டி இன்ஜின். பொள்ளாச்சி பக்கம் தோப்பு வீடு, அதனால வண்டிக்கு மண் ரோடும் உண்டு, கோயம்புத்தூர் ரோடும் உண்டு, அப்பப்ப வால்பாறை ஏத்தமும் உண்டு. இன்ஜின் ஆயில், பிரேக் வேலை எல்லாம் ஷெட்ல தான் பாக்குறோம், ஆனா டீசல் ஃபில்டர மட்டும் பல வருஷமா நானே வீட்டு வாசல்ல வச்சு மாத்திட்டு வர்றேன், இனிமேலும் அத வெளிய குடுக்கிறதா இல்ல. லேபர் சார்ஜ் மிச்சம்னு நினைக்காதீங்க, அது சின்ன காசு தான். பழைய ஃபில்டருக்குள்ள என்ன சேர்ந்திருக்குன்னு நம்ம கண்ணால பாக்க முடியுது பாருங்க, எனக்கு அது தான் பெரிய லாபம். ஷெட்ல குடுத்தா புதுச மாட்டுவாங்க, பழச குப்பையில போட்டுருவாங்க, டேங்க்ல தண்ணி இருந்துச்சா துரு இருந்துச்சான்னு வண்டி ஓட்டுற நமக்கு தெரியவே தெரியாது.

இந்த ஃபில்டர் ஏன் இவ்ளோ முக்கியம்னு முதல்ல சொல்லிடறேன். இது 2494 சிசி காமன் ரெயில் இன்ஜின், அதாவது ரெயில்ங்கிற ஒரே குழாய்ல டீசல அழுத்தி வச்சு, அங்க இருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் (சிலிண்டருக்குள்ள டீசல பீச்சுற பாகம்) பிரிச்சு அனுப்புற வகை, பழைய ஜீப்ல இருந்த மாதிரி மெக்கானிக்கல் பம்ப் கிடையாது. டென்சோ பம்ப் டீசல ஆயிரம் பாருக்கு மேல அழுத்தி ரெயிலுக்கு அனுப்புது. நம்ம டயர்ல இருக்கிற காத்தே ரெண்டு பார் சொச்சம் தான், அத வச்சு யோசிச்சுக்கோங்க. அவ்ளோ பிரஷர்ல இன்ஜெக்டருக்குள்ள ஏறி இறங்குற பாகங்களுக்கு நடுவுல இருக்கிற கேப் சில மைக்ரான் தான், மனுஷ முடியே சுமாரா 70 மைக்ரான் தடிமன் வரும். அந்த பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனியா ஆயில் ஊத்துறது கிடையாது, ஓடுற டீசலே தான் அதுக்கு ஆயில். அந்த இடத்துல தண்ணி போச்சுன்னா வழவழப்பு போயிடும், உரசும், வண்டி நாலு நாள் நின்னா துருவும் பிடிக்கும். முன்னாடி வந்த பிஎஸ்4 டீசல்ல சல்ஃபர் 50 பிபிஎம், 2020 ஏப்ரல்ல இருந்து வர்ற பிஎஸ்6 டீசல்ல 10 பிபிஎம் தான். காத்துக்கு இது ரொம்ப நல்லது, ஆனா சல்ஃபர எடுக்கிறப்போ டீசலோட வழவழப்பும் குறையும்ங்கிறதால அதுக்குன்னு அடிட்டிவ் சேத்து தான் அனுப்புறாங்க. இப்படி பாத்து பாத்து தயார் பண்ண டீசல்ல நம்ம டேங்க்லயே தண்ணி சேர விட்டா என்ன அர்த்தம் சொல்லுங்க. ஒரு இன்ஜெக்டர் மாத்தவே பல ஆயிரம் ஆகும், அது நாலு இருக்கு.

ஃபில்டர் அடைச்சா முதல்ல எங்க தெரியும்னா ஏத்தத்துல தான் தெரியும். பிளைன் ரோட்டுல 80ல போறப்போ இன்ஜினுக்கு டீசல் கொஞ்சம் தான் வேணும், பாதி அடைச்ச ஃபில்டர் கூட அத குடுத்துரும், நமக்கு ஒண்ணுமே தெரியாது. ஆழியாறு தாண்டி அந்த 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, வண்டி நிறைய ஆளு, ஏசி வேற ஓடுது, அப்போ இன்ஜின் நிறைய டீசல் கேக்கும், ஃபில்டரால குடுக்க முடியாது, வண்டி மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ஆக்சிலேட்டர் மிதிச்சாலும் இழுக்காது, செகண்ட் கியர்ல போக வேண்டிய வளைவுக்கு ஃபர்ஸ்ட் போட வேண்டி வரும். அதனால யாராவது பிக்கப் இல்ல, டர்போ போச்சுன்னு சொன்னா, முதல்ல டீசல் ஃபில்டர் எப்ப மாத்துனீங்கன்னு தான் நான் கேப்பேன்.

இன்னொன்னு, இந்த இன்ஜின்ல டீசல் பம்ப் மேல எஸ்சிவின்னு ஒரு வால்வு இருக்கு, சக்ஷன் கண்ட்ரோல் வால்வு, பம்புக்குள்ள எவ்ளோ டீசல் போகணும்னு அளக்கிறது. அது ஒட்டிக்கிட்டா ஐடிலிங் ஏறி இறங்கும், சிக்னல்ல நிக்கிறப்போ வண்டி ஆஃப் ஆகும். ஃபில்டர் அடைச்சாலும், டீசல் லைன்ல ஏர் இழுத்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி தான் காட்டும். எஸ்சிவி விலை ஃபில்டர விட பல மடங்கு, அதுல கைய வைக்கிறதுக்கு முன்னாடி ஃபில்டர மாத்தி, ஏர் எடுத்து (லைன்ல மாட்டுன காத்த வெளியேத்தி), ஒரு வாரம் ஓட்டி பாருங்க. வால்வே கெட்டுப் போறதும் உண்டு, இல்லன்னு சொல்லல, ஆனா அதுக்கும் மூல காரணம் பாதி நேரம் அழுக்கு டீசல் தான்.

எத்தன கிலோமீட்டருக்கு மாத்தணும்னு மேனுவல்ல இருக்கும், அத தாண்டி ஓட்டாதீங்க. நான் 20,000 கிலோமீட்டர் பக்கம் வந்தாலே மாத்திடுவேன், கூட ஓட்டுனா ஓடும்னு தெரியும், ஆனாலும் மாத்திடுவேன்.

ஃபில்டர் வாங்குறதுல தான் ரொம்ப கவனம் வேணும். ஒரிஜினல் பார்ட்ஸ் கடையில வாங்குறது தான் என் வழக்கம், கம்பெனி பாக்ஸ் மாதிரியே அச்சடிச்ச டூப்ளிகேட்டும் மார்க்கெட்ல சுத்துது. கையில எடுத்து பாருங்க, உள்ள இருக்கிற பேப்பர் மடிப்பு நெருக்கமா ஒரே அளவுல இருக்கணும், ரெண்டு முனையிலயும் பேப்பர் ஒட்டுன இடம் கேப் இல்லாம சுத்தமா இருக்கணும், கூட வர்ற ஓ-ரிங் (சீலுக்கு போடுற ரப்பர் வளையம்) மெத்துன்னு இருக்கணும். மடிப்பு கம்மியா, அங்க இங்க சாஞ்சு இருந்தா விலை எவ்ளோ கம்மியா இருந்தாலும் திருப்பி குடுத்துருங்க. அடைச்ச ஃபில்டரால வண்டி இழுக்காம போகும், அவ்ளோ தான். பேப்பர் கிழிஞ்ச ஃபில்டர் அழுக்க அப்படியே இன்ஜெக்டருக்கு அனுப்பிரும், அதுவும் நமக்கு எந்த அறிகுறியும் காட்டாம.

இப்ப வேலைக்கு வருவோம். இன்ஜின் நல்லா ஆறி இருக்கணும், நான் காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருவேன். பானெட்ட தூக்குனா டீசல் ஃபில்டர் ஹவுசிங்க (ஃபில்டர் உக்காந்திருக்கிற கூடு) தேட வேண்டியதே இல்ல, தலையில அமுத்துற மாதிரி ஒரு கை பம்ப் இருக்கும், அடியில வயர் போற சென்சார் இருக்கும். அந்த சென்சார் தான் தண்ணி சேந்தா மீட்டர்ல லைட்ட எரிய வைக்கிறது. முதல்ல சுத்தி இருக்கிற மண்ண பிரஷ் வச்சு தட்டி, பனியன் வேஸ்ட்டால நல்லா தொடச்சிடுங்க, தோப்பு ரோட்டுல ஓடுற வண்டில இந்த ஸ்டெப்ப மட்டும் விடவே கூடாது, கழட்டுன அப்புறம் ஒரு துளி மண்ணு உள்ள விழுந்தாலும் நாம செய்யுற வேலைக்கே அர்த்தம் இல்ல. அடியில ரப்பர் ஹோஸ் இருந்தா, வயர், ஆல்டர்னேட்டர் பக்கத்துல இருந்தா பாலித்தீன் கவர் போட்டு மூடிருங்க, டீசல் பட்டா ரப்பர் ஊறிப் போயிடும், ஆல்டர்னேட்டருக்கும் ஆகாது.

சென்சார் வயர் சாக்கெட்ட கழட்டிட்டு, அடியில ஒரு கண்ணாடி ஜாடிய பிடிச்சுக்கிட்டு வடிகால் திருகாணிய ஒரு ரெண்டு சுத்து லூஸ் பண்ணுங்க, மேல பம்ப அமுத்துனா டீசல் இறங்கும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், கண்ணாடி ஜாடியே வைங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன். வடிஞ்சதுக்கு அப்புறம் அடி கப்ப ஃபில்டர் ரெஞ்ச் போட்டு திருப்பணும், பெல்ட் டைப் ரெஞ்ச்னா கப்புல கீறல் விழாது. வருஷக்கணக்கா கழட்டாத வண்டின்னா முதல் திருப்பு ரொம்ப டைட்டா இருக்கும், அவசரப்பட்டு சுத்தியல் எடுக்காதீங்க. மேல ஹவுசிங்ல வர்ற ரெண்டு ஹோஸ கழட்டவே தேவையில்ல. கப்பு இறங்கினதும் பழைய ஃபில்டர், பழைய ஓ-ரிங் ரெண்டையும் எடுத்துட்டு, கப்போட உள்பக்கத்த நூல் உதிராத துணியால தொடைங்க. பனியன் வேஸ்ட் வெளிப்பக்கத்துக்கு மட்டும் தான், உள்ள வேண்டாம், பஞ்சு ஒட்டும். புது ஓ-ரிங்குக்கு சுத்தமான டீசல் தடவி தான் போடணும், காஞ்சு போய் போட்டா திருப்பும்போது முறுக்கிக்கும். பழைய ஓ-ரிங் நல்லா தான இருக்குன்னு யாரும் மறுபடி போடாதீங்க.

ஓ-ரிங்ல ஏன் இவ்ளோ அழுத்தம் குடுக்கிறேன்னா, இந்த வண்டில டேங்க்ல தள்ளுற பம்ப் கிடையாது, முன்னாடி இன்ஜின்ல இருக்கிற பம்ப் தான் டேங்க்ல இருந்து டீசல உறிஞ்சுது. அதாவது ஃபில்டர் இருக்கிறது உறிஞ்சுற பக்கம். அங்க சீல் சரியில்லன்னா டீசல் வெளிய சொட்டணும்னு அவசியமே இல்ல, வெளிக்காத்து உள்ள போகும். கீழ பாத்தா காஞ்சு சுத்தமா இருக்கும், ஆனா காலையில வண்டி ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் எடுக்கும், இல்லன்னா ஸ்டார்ட் ஆகி அஞ்சு செகண்ட்ல ஆஃப் ஆகும். லீக் இல்லையே, பேட்டரி தான் வீக்னு பேட்டரிய மாத்துறவங்க இருக்காங்க.

எல்லாம் மாட்டி, வடிகால் திருகாணிய கையாலயே டைட் பண்ணி, சென்சார் சாக்கெட்ட மாட்டிட்டு அப்புறம் ஏர் எடுக்கணும். எங்க ஊர் டீசல் மெக்கானிக் அண்ணன் எனக்கு முதல்ல சொல்லி குடுத்தது இது தான், "பம்ப் கல்லு மாதிரி இறுகுற வரைக்கும் அமுத்து தம்பி, அதுவரைக்கும் செல்ஃப தொடவே தொடாத." முதல்ல லேசா இறங்கும், போக போக கை வலிக்கிற அளவுக்கு டைட் ஆகும், அப்ப தான் டீசல் நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் செல்ஃப் அடிங்க, பத்து செகண்டுக்கு மேல இழுக்காதீங்க, எடுக்கலன்னா விட்டுட்டு மறுபடி பம்ப் அடிங்க. டீசல் இல்லாம செல்ஃப போட்டு இழுத்தா பேட்டரி, செல்ஃப் மோட்டார், ஹை பிரஷர் பம்ப் மூணுக்கும் கேடு.

இத மட்டும் கெஞ்சி கேட்டுக்கிறேன். டிராக்டர்ல, பழைய வண்டில நாசில் பைப் (இன்ஜெக்டருக்கு போற குழாய்) நட்ட லூஸ் பண்ணி ஏர் எடுக்கிறத நாம எல்லாரும் பாத்திருப்போம், காமன் ரெயில் வண்டில அத செய்யவே கூடாது. அந்த பிரஷர்ல வர்ற டீசல் தோல துளைச்சு உள்ள போயிடும், வெளிய பாத்தா சின்ன புள்ளி மாதிரி தான் இருக்கும், உள்ள சதைய அழிச்சிரும், விரலையே எடுக்க வேண்டிய நிலைமை வரலாம். யாருக்காவது அப்படி ஆச்சுன்னா வலி இல்லன்னு வீட்ல இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு போகணும்.

ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் ஐடிலிங்ல விட்டு, மெதுவா 2000 ஆர்பிஎம் வரைக்கும் ஏத்தி இறக்கி, கப்ப சுத்தி டிஷ்யூ பேப்பர் வச்சு தொட்டு பாருங்க. மறுநாள் காலையில முதல் ஸ்டார்ட் எப்படி இருக்குன்னு கவனிங்க, அது தான் உண்மையான டெஸ்ட்.

இப்ப அந்த கண்ணாடி ஜாடிக்கு வருவோம். டீசல் தண்ணிய விட லேசு, அதனால ஜாடிய ஒரு மணி நேரம் ஆடாம வச்சா தண்ணி அடியில தனியா கோடு போட்ட மாதிரி நிக்கும். மேல டீசல் தெளிவா இருந்தா நல்லது. கலங்கலா பால் மாதிரி இருந்தா தண்ணி டீசலோட கலந்திருக்கு. அடியில செம்மண் கலர்ல தூள் இருந்தா டேங்க்லயோ பங்க் தொட்டியிலயோ துரு. கருப்பா கொழகொழன்னு பாசி மாதிரி இருந்தா அது தான் மோசம், தண்ணியும் டீசலும் சேர்ற இடத்துல வளர்ற நுண்ணுயிர், ரொம்ப நாள் ஓட்டாம நிறுத்துற வண்டில அதிகம் வரும். பழைய ஃபில்டர் பேப்பரையும் பிளேடு வச்சு வெட்டி மடிப்ப விரிச்சு பாக்குறேன். லேசா கருப்பு ஏறி இருக்கிறது சகஜம், மினுமினுன்னு உலோக தூள் இருந்தா டேங்க்ல இருந்து வந்துச்சா, பம்ப் தேய்ஞ்சு ரிட்டர்ன் லைன்ல (மீதி டீசல் திரும்பி போற குழாய்) டேங்குக்கு போய் திரும்பி வந்துச்சான்னு டீசல் லேப்ல (பம்ப், இன்ஜெக்டர் டெஸ்ட் பண்ற கடை) காட்டிரணும்.

இப்படி பாத்து பாத்து தான் நான் பங்க்கையே மாத்துனேன். ஒரு பங்க்ல தொடர்ந்து போட்ட காலத்துல மழை சீசன் முடிஞ்சு கழட்டுன ஃபில்டர்ல தண்ணி நல்லா தெரிஞ்சுது, வேற பங்க்குக்கு மாறின அப்புறம் அதே சீசன்ல ஜாடி அடி சுத்தமா இருந்துச்சு. பங்க்ல டென்சிட்டி காட்ட சொல்லி கேக்க நமக்கு உரிமை இருக்கு, ஆனா தொட்டி அடியில தனியா நிக்கிற தண்ணிய டென்சிட்டி டெஸ்ட் காட்டிக் குடுக்காது, அதுக்கு அளவுகோல் கம்பியில பேஸ்ட் தடவி இறக்குவாங்க, தண்ணி பட்ட இடத்துல கலர் மாறும். மழை நாள்ல அத காட்ட சொல்லி கேளுங்க, நல்லா நடத்துற பங்க்ல முகம் சுளிக்காம காட்டுவாங்க. டேங்கர் லாரி இறக்கிட்டு இருக்கும்போது நான் டீசல் போடுறதில்ல, அடியில இருக்கிறதெல்லாம் கலங்கி இருக்கும்.

பங்க் மட்டும் காரணம் இல்ல, நம்ம டேங்க்லயும் தண்ணி உருவாகும். 55 லிட்டர் டேங்க்ல கால்வாசி டீசல் தான் இருக்குன்னா மீதி எல்லாம் காத்து, ராத்திரி குளிர்ந்தா அந்த காத்துல இருக்கிற ஈரம் தண்ணியா மாறி கீழ இறங்கும். எங்க ஊர்ல ஜூன், ஜூலை தென்மேற்கு பருவத்துல பாலக்காட்டு கணவாய் வழியா ஈரக்காத்து அடிச்சிட்டே இருக்கும், அந்த மாசங்கள்ல பாதி டேங்குக்கு கீழ போக விடமாட்டேன், ஃபில்டர் மாத்துற நேரம் வரலன்னாலும் நடுவுல வடிகால மட்டும் திறந்து கொஞ்சம் ஜாடியில பிடிச்சு பாத்துட்டு மூடிருவேன். செலவே இல்லாத வேலை இது, ஃபில்டர் மாத்த தயங்குறவங்க கூட இத செய்யலாம்.

எல்லா வண்டிக்கும் இதே முறை பொருந்தாது. சில வண்டில டேங்குக்குள்ள எலக்ட்ரிக் பம்ப் இருக்கும், அதுல கை பம்ப் இருக்காது, இக்னிஷன நாலஞ்சு தடவ ஆன் ஆஃப் பண்ணி ஏர் எடுக்கணும், சிலதுல ஸ்கேனர் போட்டு தான் பம்ப ஓட விடணும். பிளாஸ்டிக் கிளிப் வச்ச லைன் இருக்கிற வண்டில கிளிப்ப உடைச்சிட்டா லைனே மாத்த வேண்டி வரும். உங்க வண்டி மேனுவல்ல பாத்து, முடிஞ்சா முதல் தடவ மெக்கானிக் செய்யும்போது பக்கத்துல நின்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

வடிச்ச டீசல சாக்கடையிலயோ தென்னை மரத்தடியிலயோ ஊத்தாதீங்க, கிணத்து தண்ணிக்கு இறங்கும். நான் ஒரு கேன்ல சேத்து வச்சு, ஃபில்டரையும் கவர்ல கட்டி, வேஸ்ட் ஆயில் எடுக்கிற ஷெட்ல குடுத்துடறேன். வாசல்ல சிந்துனதுக்கு மரத்தூள் போட்டு ஊற விட்டு அள்ளிட்டா வழுக்காது. மாட்டுன கப்பு மேல தேதியும் கிலோமீட்டரும் மார்க்கர்ல எழுதி வைங்க, வண்டிய வேற யாராவது ஷெட்டுக்கு எடுத்துட்டு போனாலும் போன மாசம் தான் மாத்துனதுன்னு அவங்களுக்கும் தெரியும்.