மழை ஊரில் 11 வருடம்: என் ஜெட் ரோபோக்கள் எப்படி இருக்கின்றன

போன வாரம் மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு மத்தியானம் அலுமாரியில் இருந்த பொம்மை ஜெட்டுகள் எல்லாவற்றையும் மேசைக்கு இறக்கினேன், மடக்கினால் ரோபோவாக மாறுபவை. மொத்தம் 14. ஒவ்வொன்றையும் ஒரு தடவை ரோபோவாக மாற்றி, மறுபடி விமானமாக மடக்கி வைத்து முடிக்க இரண்டரை மணி நேரம் பிடித்தது. மாதம் ஒரு தடவை இதைச் செய்கிறேன். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதும் விமர்சனங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஐந்து வருடம், பத்து வருடம் போனபின், அதுவும் எங்கள் ஊர் ஈரத்தில், இந்தச் சாமான்கள் என்ன ஆகின்றன என்பதைத்தான் நான் தேடித் தேடிப் பார்த்தும் காணவில்லை.

நான் இருப்பது இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் காயப்போட்ட துணி காயாது. தீப்பெட்டியை அம்மா அடுப்புக்குப் பக்கத்து மாடத்தில்தான் வைப்பார். வேறு எங்கே வைத்தாலும் குச்சி நமத்துவிடும்.

முதல் ஜெட் அப்பா கொண்டுவந்தது. கொழும்புக்குப் போனவர் புறக்கோட்டை நடைபாதைக் கடை ஒன்றில் வாங்கியிருந்தார். வெள்ளை உடம்பு, பெட்டியில் பெயர் ஒன்றும் இல்லை, ஒரு இறக்கை ஒட்டவே ஒட்டாது. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் அதை வைத்துக்கொண்டு, எங்கே மடக்கினால் கை வரும் என்று ஒரு நாள் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். அது ஒரு வால்கிரியின் நகல் என்று தெரிய பல வருடம் ஆயிற்று.

அசல் வால்கிரி, அதாவது விஎஃப்-1, 1982இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த மேக்ரோஸ் என்ற கார்ட்டூன் தொடரின் விமானம். வடிவமைத்தவர் ஷோஜி காவமோரி. அமெரிக்காவின் எஃப்-14 டொம்கெட் போலவே இதன் இறக்கையும் விரிந்து ஒடுங்கும். தகாதோகு என்ற நிறுவனம் அப்போதே 1/55 அளவில், அதாவது கதை விமானத்தின் 55இல் ஒரு பங்கு நீளத்தில், பொம்மை செய்தது. அதே அச்சில் வார்த்த பொம்மைதான் 1985இல் ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ் வரிசையில் ஜெட்ஃபயர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதே வரிசையில் 1984இல் வந்த ஸ்டார்ஸ்க்ரீமும் ஜப்பானின் டயக்லோன் என்ற வரிசைப் பொம்மைதான், எஃப்-15 ஈகிள் வடிவம். நிறத்தை மாற்றி அதே அச்சில் ஸ்கைவார்ப், தண்டர்கிராக்கர் என்று இன்னும் இரண்டு. அந்த முதல் பதிப்பில் ரோபோவின் கைமுட்டிகள் தனியாக இருக்கும், எடுத்துப் பொருத்த வேண்டும்.

என் மனம் எப்போதும் வால்கிரியிடம்தான் போகிறது. காரணம் அதன் மடிப்பு. விமானமாக இருக்கும்போது இரண்டு என்ஜின்களும்தான் கால்கள், புகை கக்கும் வாய்தான் பாதம். கைகள் இரண்டும் வயிற்றுக்கடியில் கால்களுக்கு நடுவே அடங்கியிருக்கும். தலையும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ரோபோவாக்கும்போது மூக்குப் பகுதி கீழே மடங்கி, கால்கள் அதன் பக்கத்தில் போய்ப் பூட்டிக்கொள்ளும். விமானி உட்காரும் கண்ணாடியை ஒரு கவசத் தகடு மூடும். இறக்கைகள் ஒடுங்கி முதுகுக்குப் போகும். எங்கேயும் ஒரு துண்டு மிஞ்சாது. காவமோரி தன் யோசனைகளை லெகோ கட்டைகளில் கட்டி, மடக்கிப் பார்த்துச் சரிசெய்பவர். கையில் எடுத்து மாற்றும்போது அது புரியும்: இது தாளில் மட்டும் வரைந்த ஒன்றல்ல, ஒருவர் விரலால் யோசித்த ஒன்று.

விமானம், ரோபோ இரண்டுக்கும் நடுவில் கெர்வோக் என்று ஒரு நிலை இருக்கிறது. விமானத்துக்குக் கொக்கின் கால் முளைத்த மாதிரி நிற்கும். பொம்மை தரமானதா என்று எனக்குக் காட்டிக்கொடுப்பது இந்த நிலைதான். இடுப்பும் முழங்காலும் தளர்ந்திருந்தால் நிற்காமல் முன்னால் குப்புற விழும். படத்தில் வண்ணமும் ஸ்டிக்கரும் எவ்வளவு அழகாக இருந்தாலும், கெர்வோக்கில் நிற்கும் படம் இல்லாவிட்டால் நான் வாங்குவதில்லை.

வாங்குகிறவர்களுக்கு அளவைப் பற்றி ஒரு வார்த்தை. கதைப்படி விஎஃப்-1 விமானத்தின் நீளம் 14.23 மீற்றர். அப்படியானால் 1/60 பொம்மை 24 சென்டிமீற்றர் அளவில் இருக்கும், 1/48 கிட்டத்தட்ட 30. இறக்கையை விரித்து வைத்தால் சாதாரண அலுமாரித் தட்டில் 1/48 அடங்காது, வால் வெளியே நீட்டும். என் வீட்டுக்கு 1/60தான் சரி. 2019இல் பண்டாய் நிறுவனம் டிஎக்ஸ் சோகோகின் என்ற வரிசையில் வெளியிட்ட 1/48ஐ மட்டும் ஆசைக்காக வாங்கினேன். அதற்கென்று ஒரு தட்டையே எடுக்க வேண்டியதாயிற்று. அதை வாங்கியதில் எனக்கு இன்றைக்கும் பூரண திருப்தி. மூட்டுகள் வாங்கிய நாளில் இருந்த இறுக்கத்தோடு அப்படியே இருக்கின்றன.

சரி, ஈரத்துக்கு வருகிறேன்.

முதல் மூன்று வருடம் விலை கூடிய இரண்டு ஜெட்டுகளைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன், புதிதாகவே இருக்கட்டும் என்று. ஒரு மழைக்காலம் முடிந்து திறந்தபோது பெட்டி அட்டையில் சாம்பல் நிறப் பூஞ்சணம். இரும்பு ஆணிகளில் துரு பிடித்து, அந்தக் கறை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் தேநீர் சிந்தியது போல இறங்கியிருந்தது. மென்மையான பீவிசியில் செய்த ஏவுகணைகள் பொலித்தீன் உறைக்குள் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தன. வெளியே தட்டில் வைத்து அடிக்கடி எடுத்து மாற்றியவற்றுக்கு இதில் பாதிகூட வரவில்லை. கையில் எடுப்பதால் துடைக்கிறோம், காற்றுப் படுகிறது, துருவை ஆரம்பத்திலேயே கண்டுவிடுகிறோம். அன்றைக்கே மற்றப் பெட்டிகளையும் பிரித்துவிட்டேன்.

அண்ணன் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறார். "தூள் காய்ஞ்சு வரும்போது மூணு வீதம் ஈரம்தான். திறந்து வச்சா ஒரே ராத்திரியில நமத்துப் போயிரும். உன் சாமானையும் அப்படி நினைச்சுக்க" என்றார். அவர் சொன்னபடி ஈரமானி ஒன்று வாங்கி அலுமாரிக்குள் வைத்தேன். ஜூலையில் முள் 90 வீதத்தைத் தாண்டி நின்றது. இப்போது அடித்தட்டில் 15 வோட் பழைய இழை பல்ப் ஒன்று எரிகிறது, பொம்மைகளில் இருந்து ஒரு முழம் தள்ளி. எல்ஈடி பல்ப் போட்டால் சூடு வராது, பயனில்லை. சிலிக்கா ஜெல் பைகளை மாதம் ஒரு முறை மிதமான சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடுகிறேன். முள் 60க்குப் பக்கத்தில் நிற்கிறது. அப்புறம் புதிதாகத் துரு வரவில்லை.

வெயிலும் எதிரிதான். மழை விட்ட சந்தோஷத்தில் ஒரு வெள்ளை ஜெட்டை ஜன்னலோரம் வைத்து மறந்துவிட்டேன். ஏழெட்டு மாதத்தில் வெளிச்சம் பட்ட இறக்கை நெய் நிறம், மற்றது பால் நிறம். வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக் புற ஊதாக் கதிரில் இப்படித்தான் மஞ்சளாகும். ஈரத்துக்குப் பயந்து வெயிலில் காயவைக்காதீர்கள்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரி அதிகாலையில், கை விறைக்கும் குளிரில், ஒரு ஜெட்டின் தோளை வலுவாகத் திருப்பினேன். 'டக்' என்று சத்தம். கீல் பிளந்துவிட்டது. அது தேவைக்கு மீறி மெல்லியதாக வார்த்த கீல், என்றைக்காவது உடைந்திருக்கும். ஆனால் குளிரில் பிளாஸ்டிக் விட்டுக்கொடுக்காது என்பதும் உண்மை. இப்போது மத்தியானத்தில்தான் மாற்றுகிறேன், மூட்டை முதலில் உள்ளங்கைக்குள் ஒரு நிமிடம் பொத்தி வைத்த பிறகு.

உடைந்ததை ஒட்டப் பார்த்தேன். சூப்பர் குளு பிடிக்கவில்லை. வழுக்கும் தன்மையுள்ள பிஓஎம் பிளாஸ்டிக்கில் அது ஒட்டாது. கடைசியில் டவுனில் கடிகாரம் திருத்தும் ஐயாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். "இரும்புக் கம்பி வேணாம் தம்பி, இந்த ஊரு மழைக்குத் துரு புடிச்சிரும். பித்தளை போடுவோம்" என்று ஒரு மில்லிமீற்றர் துளையிட்டு, பித்தளைக் கம்பியை ஊசி போல உள்ளே செலுத்தினார். ஆறு வருடமாகிறது. அந்தத் தோள்தான் இன்று என்னிடமுள்ளவற்றில் உறுதியான தோள். காசு வாங்க மறுத்துவிட்டார், ஒரு தடவை விமானமாக்கிக் காட்டச் சொன்னார்.

விலை இன்று கடினம். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபின், 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐக் கடந்தது. அதன்பின் நான் வாங்கியவை இரண்டே. புதிதாகத் தொடங்குபவர் ஒன்று மட்டும் வாங்குங்கள், துண்டு கழற்றாமல் மாறுவதாக. சில பழைய பதிப்புகளில் காலைக் கழற்றித்தான் பொருத்த வேண்டும், ஒவ்வொரு தடவையும் அந்த இடம் தேயும்.

அன்று மேசையில் வைத்திருந்தபோது அண்ணன் மகன் வந்தான். ஒன்பது வயது. "சித்தப்பா, நான் மாத்தவா?" என்றான். பித்தளைத் தோள் போட்டதைக் கொடுத்தேன். காலை இறக்கினான், கையை வெளியே எடுத்தான், பாதியில் நிறுத்திவிட்டான். கெர்வோக்கில் நின்றது. "இப்படியே இருக்கட்டும், இதுதான் நல்லா இருக்கு." மற்ற 13ஐயும் மடக்கி உள்ளே வைத்தேன். அது மட்டும் மேசையிலேயே கால் மடக்கி நிற்கிறது.