கீட்டோகோனசோல் ஷாம்பு: அரிப்பு போனது, கோபம் போகவில்லை

எங்கள் அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெண் போன வாரம் லிஃப்டில் வைத்துக் கேட்டாள். "அக்கா, தலைக்கு ஒரு மருந்து ஷாம்பு போடுவீங்கல்ல, அது இன்னும் கேக்குதா? எனக்கு ராத்திரியெல்லாம் ஒரே அரிப்பு. தலையணை பூரா வெள்ளை வெள்ளையா கிடக்கு." தளம் வந்துவிட்டதால் அவளுக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். பெங்களூரில் தலையைச் சொரிந்துகொண்டிருப்பவர்கள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை.

நான் சொல்வது கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கு எதிரான மருந்து 2 சதவீதம் கலந்த ஷாம்பு. பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன, மருந்து ஒன்றுதான். பாட்டிலின் முன்பக்கம் பெரிதாக இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு மேலாகப் பயன்படுத்துகிறேன். இடையில் கம்பெனி மாற்றிப் பார்த்ததில் வாசனையும் நிறமும் மாறினவே தவிர, பலனில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நான் இருப்பது ராமமூர்த்தி நகர். தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய் வருகிறேன். டின் ஃபேக்டரி சிக்னலில் தினம் நிற்பவர்களுக்குத் தெரியும், அங்கே எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று. ஹெல்மெட்டுக்குள் வேர்த்து, உச்சந்தலையிலும் காதுக்குப் பின்னாலும் பூச்சி ஊர்கிற மாதிரி அரிக்கும். கை வைக்க வழியில்லை. ஹெல்மெட்டை மேலே தூக்கி ஒரு விரலை உள்ளே விட்டுச் சொரிந்தால், பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். கறுப்பு குர்தா போட்ட நாளில் தோள் முழுக்க மாவு தூவியது போல் செதில். டிசம்பரிலிருந்து மார்ச் வரை, இந்த ஊர்க் காற்று காய ஆரம்பித்தால் இன்னும் மோசம். பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றே: "தலை வறண்டு போச்சு, எண்ணெய் வை."

என் அம்மா சேலத்திலிருந்து வரும்போதெல்லாம் முதல் வேலை இதுதான். சூடு பண்ணிய தேங்காயெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, என்னைத் தரையில் உட்காரவைத்து, வகிடு வகிடாகப் பிரித்துத் தேய்ப்பார். "பாரு, தரிசு நிலம் மாதிரி கிடக்கு. எண்ணெய் காணாத தலை." அந்தக் கை பட்ட சுகத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் இரண்டு நாள் போனதும் அரிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பி வரும்.

இதற்குக் காரணம் சொன்னவர் இந்திரா நகரில் இருக்கும் ஒரு தோல் டாக்டர். என் தலையிலிருந்து ஒரு செதிலை எடுத்து டிஷ்யூ தாளில் வைத்து அழுத்திக் காட்டினார். தாளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது. "வறட்சியா இருந்தா இப்படி ஒட்டாதும்மா" என்றார். தலைத் தோலில் மலசீசியா என்ற ஒரு பூஞ்சை எல்லாருக்கும் உண்டு. அதற்குச் சாப்பாடு நம் தலையில் சுரக்கும் எண்ணெய்தான். அதைத் தின்றுவிட்டு ஓலியிக் அமிலம் போன்ற மிச்சங்களை விட்டு வைக்கிறது. அந்த மிச்சம் சிலருடைய தோலுக்கு ஆகாது. சிவந்து, அரித்து, தோல் அவசர அவசரமாக உரிய ஆரம்பிக்கிறது. பார்ப்பதற்கு வறட்சி மாதிரியே இருக்கும். மேலே எண்ணெய் ஊற்றினால் செதில் படிந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அடியில் பூஞ்சைக்குப் பந்தி நடந்துகொண்டிருக்கும். புருவத்திலும், மூக்கின் இரண்டு பக்கமும், காதுமடலுக்குப் பின்னாலும் மஞ்சளாகப் பிசுபிசுவென்று செதில் இருந்தால் பெரும்பாலும் இந்தச் சங்கதிதான் என்றும் சொன்னார். எனக்கு எல்லா இடத்திலும் இருந்தது.

கீட்டோகோனசோல் அந்தப் பூஞ்சையின் செல் சவ்வு உருவாவதைத் தடுக்கிறது. அதற்கு அது தோலில் கொஞ்ச நேரம் தங்க வேண்டும். என் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான்.

ஷாம்பு என்றால் நாம் என்ன செய்வோம்? போடுவோம், நுரைப்போம், அலசுவோம். ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்த மருந்தை அப்படிப் போட்டால் காசு முழுக்கச் சாக்கடையில்தான். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் தலையில் ஊற வேண்டும், அதுவும் முடியில் இல்லை, தோலில். இந்த மருந்தின் உயிரே அந்த ஐந்து நிமிடம்தான். அதைக் கம்பெனிக்காரர்கள் பாட்டிலின் பின்பக்கம், எறும்பு வரிசை போன்ற எழுத்தில், ஈரக் கையோடு கண்ணாடி இல்லாமல் குளியலறையில் நிற்கும் எவராலும் படிக்க முடியாதபடி அச்சடித்திருக்கிறார்கள். முன்பக்கம் முழுக்கப் பளபளப்பான கூந்தல் படம். "போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் கேக்கல" என்று என்னிடம் சொன்ன எல்லாரையும் கேட்டிருக்கிறேன், எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்று. ஒருவர்கூட ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. மருந்துக் கடையிலும் யாரும் சொல்வதில்லை. ஒரு நல்ல மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு அதைப் பயன்படுத்தும் விதத்தை ஒளித்து வைப்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

சரி, அந்த ஐந்து நிமிடம் எப்படிப் போகும்? ஜனவரி காலையில் பெங்களூர் குளியலறையில் தலை முழுக்க நுரையோடு நின்று பார்த்தால் தெரியும். உடம்பு நடுங்கும். அதனால் நான் உடம்புக்குத் தண்ணீர் ஊற்றும் முன்பே, நைட்டியோடு, வாஷ்பேசினில் குனிந்து தலையை மட்டும் நனைத்துப் போட்டுக்கொள்கிறேன். முதலில் சாதாரண ஷாம்பு ஒரு கை போட்டு எண்ணெயையும் தூசியையும் கழுவிவிட வேண்டும். அதற்குப் பிறகு மருந்து ஷாம்பு. விரல் நுனியால் வகிடு வகிடாகத் தொட்டு வைக்கிறேன், நகம் படக்கூடாது. மிச்ச நுரையைப் புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் தடவி, கண்ணை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டு, மேலே துண்டைச் சுற்றிவிட்டுப் பல் தேய்க்கிறேன், குளியலறைத் தரையைத் தேய்க்கிறேன். நேரம் ஓடிவிடும்.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் தலைமுடிப் பேச்சு எடுத்தாலே போர்வெல் தண்ணீரில்தான் முடியும். எங்களுக்குக் காவேரி தண்ணீர் சில நாள்தான், மீதிக்குப் போரும் டேங்கரும். குடிநீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம் போன்ற உப்புகள், லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரக் குறியீடு, வேறு வழியே இல்லை என்றால் 600 வரை. கீசரைக் கழற்றினால் உள்ளே சுண்ணாம்பு அடை அடையாக இருக்கும். ஷவர் தலையில் மாட்டுகிற ஃபில்டர் ஒன்று எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு வீடு வாங்கினார்கள், என் வீட்டிலும் இருந்தது. கலங்கலையும் குளோரின் வாசனையையும் அது பிடிக்கும். ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தைப் பிடிக்க ரெசினும் உப்பும் போட்ட சாஃப்ட்னர்தான் வேண்டும். உள்ளங்கை அளவு கார்ட்ரிட்ஜ் அதைச் செய்யாது. உப்புத் தண்ணீர் என் முடியைச் சொரசொரப்பாக்குகிறது என்பது உண்மை. சோப்பு போட்டுக் குளிக்கும்போது வெள்ளைப் பிசுக்கு தோலில் படிவதும் உண்மை. ஆனால் என் அரிப்புக்கு மூலகாரணம் தண்ணீர் இல்லை. ஃபில்டர் இருந்த காலத்திலும் அரித்தது. மருந்து ஷாம்பு ஆரம்பித்த பிறகு அதே போர் தண்ணீரிலேயே நின்றது.

நின்றது என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். அந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. டாக்டர் வாரம் இரண்டு முறை, ஒரு மாதம் போடச் சொல்லியிருந்தார். பாதி மாதம் போயிருக்கும். டின் ஃபேக்டரியில் வழக்கம்போல் வண்டிகள் நகரவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் இரண்டு கையும் ஹேண்டில்பாரிலேயே இருக்கின்றன. ஹெல்மெட்டுக்குள் வேர்வை இருக்கிறது, அரிப்பு இல்லை. நம் தலை என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராமல் இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பது, மாதக்கணக்கில் சொரிந்தவர்களுக்குத்தான் புரியும். புருவச் செதிலும் போனது. காதுக்குப் பின்னால் இருந்த வெடிப்பு ஆறியது. கறுப்பு குர்தாவை மறுபடி எடுத்தேன்.

ஆனால் இது ஒரே அடியாகத் தீர்வதில்லை. நிறுத்தினால் திரும்பி வரும், பூஞ்சை அங்கேயேதான் குடியிருக்கிறது. இப்போது வாரம் ஒரு முறை, சில சமயம் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை. தீபாவளிக்குப் பதினைந்து நாள் ஊரில் தங்கி அம்மா கையால் எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டு வந்தால் மறுபடி வாரம் இரண்டு. எண்ணெயை முழுக்க விடவில்லை. தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால், தோலில் படாமல் முடியின் கீழ்ப்பாதிக்கு மட்டும். அம்மாவுக்கு இதில் இன்னும் மனத்தாங்கல்தான். ஹெல்மெட்டுக்குள் போடும் பருத்திக் குல்லாயை அடிக்கடி துவைத்து வெயிலில் காயவைக்கிறேன்.

அடுத்த குறை முடி. எனக்கு இடுப்புக்குக் கீழே முடி. இந்த ஷாம்பு போட்ட அன்று அது சிக்குப் பிடித்துக்கொண்டு, சீப்பு பாதியிலேயே நிற்கும். கண்டிஷனரைத் தோலில் படாமல் நுனிக்கு மட்டும் போட்டால் ஓரளவு பரவாயில்லை. பாட்டிலோ கைக்குள் அடங்குகிற அளவு. கிராப்பு வெட்டிய ஆண்களை மனதில் வைத்தே அளவெடுத்திருப்பார்கள் போல. நீள முடிக்காரிக்கு ஆரம்ப மாதத்தில் ஒரு பாட்டில் போதவே போதாது.

விலை குறைந்ததா என்றும் அந்தப் பெண் கேட்டாள். 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. சாதாரண ஷாம்புக்கும் தலை எண்ணெய்க்கும் 18-லிருந்து 5. மருந்துக் கணக்கில் வரும் முந்நூறு ரூபாய் பாட்டில் என்றால் இருபது ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இறங்கும். பில்லில் வரி சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

அரிக்கிற தலை எல்லாவற்றுக்கும் இது மருந்து இல்லை. செதில் பொடியாக, காய்ந்த மாவாக மட்டும் உதிர்ந்து, கை கால் தோலும் வறண்டிருந்தால் அது நிஜமான வறட்சியாக இருக்கலாம். அதற்குத் தினம் தலைக்குக் குளிப்பதையும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவதையும் குறைத்தாலே பாதி சரியாகும். தடித்த வெள்ளிச் செதில் நெற்றிக்கு இறங்கினால் சொரியாசிஸா என்று பார்க்க வேண்டும். டை அடித்த மறுநாள் அரித்தால் டைதான் சந்தேகம். பிள்ளைகளுக்கு அரித்தால் முதலில் பேன் பாருங்கள், வட்டமாக முடி கொட்டினால் உடனே டாக்டர். எலுமிச்சம்பழத்தைப் புண்ணான தலையில் தேய்க்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். எரிச்சல் கூடுமே தவிர ஒன்றும் தீராது.

மார்க் போட வேண்டுமென்றால், என் அரிப்பைத் தீர்த்த மருந்து இது ஒன்றுதான், முழு மார்க் போடத்தான் வேண்டும். ஆனால் இன்று காலை புதுப் பாட்டிலின் மூடி திருகும்போதே உடைந்து, கால்வாசி தரையில் கொட்டிப் போனது. மூடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டால் இல்லை என்கிறார்கள். ஆகவே ஐந்துக்கு இரண்டு. மூடியை ஒழுங்காகச் செய்து, நீள முடிக்குத் தகுந்த பெரிய பாட்டிலும் கொண்டுவந்து, "ஐந்து நிமிடம் ஊறவிடவும்" என்று முன்பக்கத்தில் தமிழிலும் கன்னடத்திலும் பெரிய எழுத்தில் அச்சடித்தால் மீதி மூன்றையும் தருகிறேன்.